பாறை தின்னாத சோப்பு

ஜனவரி 11, சனி

இன்னிக்கு லேப்ல நானும் நசீராவும் மட்டும்தான். உருப்படியா ஒரு வேலையும் ஓடலை. சரின்னு என் இழுப்பறைகளை ஒழிச்சேன். ஏழரை வருஷக் குப்பை. மூடி இல்லாத பேனா பதினாலு, ஒத்தைக் கையுறைகள், யாரோ வச்சுட்டுப் போன ஊறுகாய் பாட்டில், மூணாவது வருஷம் காணோம்னு நான் அழுத கால்குலேட்டர். அடியில பழைய வெள்ளைப் பெட்டி ஃபில்டர். ஏழு மிச்சம் இருந்துது. திரும்ப உள்ளயே வச்சுட்டேன்.

புது நோட்டு, அதனால ஒழுங்கா ஆரம்பிக்கிறேன். பேரு கிறிஸ்டில்டா. ஊரு திசையன்விளை. வயசு முப்பத்தி நாலு. சென்னையில பெட்ரோலியத் துறையில பி.எச்டி. இந்த ஏப்ரல் 30 ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள். ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு. இனிமே மாதாவே வந்து கேட்டாலும் கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஒப்படைச்சா ஜூன்ல நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல வேலை. ஒப்படைக்காட்டா பதிவு ரத்து. ஏழரை வருஷமும் கோவிந்தா.

ஊறுகாய் பாட்டிலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மெஸ் மூடிட்டாங்க. பன்னும் டீயும்.

அம்மா போன். "ஏட்டி கில்டா, ஊர்ல கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு சொல்ல? எட்டு வருசமா அங்க என்னத்தட்டி படிக்குத?"

"பாறையில சோப்பு ஒட்டுறதைப் பத்திம்மா."

"அத நம்ம தொவைக்கிற கல்லுல பாத்தா பத்தாதா?"

சிரிச்சுட்டேன். அப்புறம் உக்காந்து விளக்கினேன். பூமிக்கடியில எண்ணெய் ஏரி மாதிரி கிடக்கலை. மணற்பாறையோட கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்ல சிக்கிக் கிடக்கு. பாதிக்கு மேல வெளிய வரவே வராது. சோப்பு மாதிரி ஒரு கரைசலை உள்ள அனுப்பினா எண்ணெய் பிடியை விடும். ஆனா சோப்பு எண்ணெய்கிட்ட போறதுக்குள்ள பாறையே அதை இழுத்து மேல பூசிக்கும். பாறை எவ்வளவு தின்னுது, அதை எப்படிக் குறைக்கிறதுங்கிறதுதான் என் படிப்பு. குறைக்கிறதுக்கு எங்க சார் ஒரு சரக்கு கண்டுபிடிச்சிருக்கார், பேரு எல்-7. அதை முதல்ல விட்டா பாறை அதைத் தின்னு பசியாறிடும், சோப்பு தப்பிச்சுடும். சார் அதைச் செல்லமா 'பலியாடு'ம்பார்.

"நம்மூரு உப்புத் தண்ணியில சோப்புப் போட்டா நொரையே வராதுல்லா, தண்ணியே தின்னுரும். அது மாதிரியா?"

கிட்டத்தட்ட அதேதான். அம்மாவுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது. எனக்குத்தான் ஏழரை வருஷம்.

ஜனவரி 27, திங்கள்

நசீரா பாவம். கீழக்கரைப் பொண்ணு, ரெண்டாவது வருஷம். நான் சாதாரணப் பாறையில பண்ணின எல்-7 சோதனையை அவ நிஜக் கிணத்துப் பாறையில பண்ணணும். அது சரியா வந்தா ஒரு கம்பெனி ஜூன்ல ஒரு கிணத்துலயே எல்-7ஐ விட்டுப் பார்க்கப் போகுது. சார் அதைப் பாத்துட்டுத்தான் ரிட்டயர் ஆகணும்னு இருக்கார்.

வேலை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பாறையை இடிச்சு மாவாக்கணும். சோப்புக் கரைசல்ல போட்டு ஒரு நாள் முழுக்கக் குலுக்கணும். மேல தெளிஞ்சதை சிரிஞ்சுல எடுத்து, ஒரு ரூபாய்க் காசு அளவு ஃபில்டர் வழியா அழுத்தி, சோப்பு எவ்வளவு மிச்சம்னு மெஷின்ல பாக்கணும். ஆயிரம் பங்கு போட்டதுல எவ்வளவு குறையுதோ அவ்வளவும் பாறை தின்னது. எனக்கு எல்-7 இல்லாம நூத்தியிருபது குறைஞ்சுது. எல்-7 போட்டா அறுபத்தஞ்சுதான். கிட்டத்தட்ட பாதி. என் நாலாவது அத்தியாயமே இதுதான்.

நசீராவுக்கு எல்-7 போட்டாலும் அறுபத்தஞ்சு, போடாட்டாலும் அறுபத்தஞ்சு.

சார் சொல்றார், அவ குடுவைகள்ல பழைய சோப்பு ஒட்டியிருக்கு, அதுதான் குறையைக் குறைச்சுக் காட்டுது, கழுவு. அவ கழுவுறா.

அவ நோட்டுல பன்னிரண்டு பக்கத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்துலயும் 'நான் பார்த்தேன்'னு இன்னொருத்தர் கையெழுத்து போடணும், இது எங்க லேப் சட்டம். படிச்சுப் பாத்தா போடுவாங்க? அவளும் என்னோடதுல அப்படித்தான் போடுவா.

பிப்ரவரி 3, திங்கள்

இருமல். ஏ.சி. மெஷின் வெளிப்பக்கம் எங்க ஜன்னலை அடைச்ச மாதிரி நிக்குது, வெயிலும் வராது காத்தும் வராது. கதவுக்குக் கைரேகைப் பூட்டு. என் விரல்ல ரேகை தேஞ்சுபோச்சோ என்னமோ, இன்னிக்கு ஆறு தடவை வச்சும் திறக்கலை. உள்ள இருந்து நசீராதான் திறந்துவிட்டா.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒப்படைப்புக்கு முந்தின கருத்தரங்கு முடிஞ்சுது! நாப்பது நிமிஷம் பேசினேன். நாலாவது அத்தியாயத்துக்குத் தலையாட்டினாங்க. சார் முகத்துல பெருமை.

வெளியிலிருந்து வந்த வைஜயந்தி மேடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க. "பாறையே போடாம, வெறும் கரைசலை மட்டும் இதே வழியில ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓட்டினேன் மேடம்."

"ரெண்டு வரிசைக்கும்?"

"ஆமா மேடம்."

"பின்னிணைப்புல சேத்துடுங்க."

அவ்வளவுதான். அதுல ஒண்ணும் இல்ல. வெறும் கரைசல் எல்லாரும் ஓட்டுறதுதான். புடவை கசங்காம இருந்துது, அதுவே பெரிசு.

பிப்ரவரி 17, திங்கள்

வெறும் கரைசல் ஓட்டினேன். இப்ப நாங்க வாங்குற நீலப் பெட்டி ஃபில்டர்ல. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தொம்பது. சுத்தம். பின்னிணைப்புல சேத்தாச்சு. ஓட்டினது நிஜம், வந்த எண் நிஜம். இதுல பொய்னு எவளும் விரல் நீட்ட முடியாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நல்லாத் தூங்கினேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசைக்குப் போய் நெத்தியில சாம்பலோட லேபுக்கு வந்தேன். நசீராவுக்கு நோன்பு நடக்குது. "இந்த வருஷம் ரெண்டு பேரும் சேந்து பட்டினிக்கா"ன்னா. நான் என்ன பெரிய பட்டினி, மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டேன், அவளுக்குத் தெரியாம வராந்தாவுல.

அவ ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம குடுவை கழுவுறா. முதல்ல ஆசிட், அப்புறம் மூணு தடவை காய்ச்சி வடிச்ச தண்ணி, கடைசியா அசிட்டோன். ஒரு நாளைக்கு அறுபது குடுவை. சார் வந்து விளக்குக்கு நேரா ஒரு குடுவையைத் தூக்கிப் பாத்துட்டு, "இன்னும் பிசுக்கு இருக்கேம்மா"ன்னார். எனக்கு ஒண்ணும் தெரியலை. பளிங்கு மாதிரி இருந்துது.

மார்ச் 19, புதன்

நசீரா கை பாளம் பாளமா வெடிச்சிருக்கு. கையுறை போட்டாலும் அசிட்டோன் உள்ள போயிடுது. என்கிட்ட இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொடுத்தேன், ஊர்ல ஆட்டினது.

"நீங்க மட்டும் இல்லாட்டி நான் எப்பவோ ஓடியிருப்பேன்க்கா."

சும்மா இருடின்னு அதட்டினேன். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்துதுன்னு தெரியலை.

பதினோரு பக்கம் கையெழுத்து.

ஏப்ரல் 3, வியாழன்

பெருநாள் முடிஞ்சு நசீரா வந்துட்டா. எனக்குன்னு தனியா ஒரு டப்பா தொதல். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டு, நெய் கையில ஒழுகுது. ஒரு துண்டுதான் உள்ள இறங்குச்சு. மீதியை ஹாஸ்டல்ல குடுத்துட்டேன்.

சார் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். மே மாசத்துக்குள்ள நூத்தியிருபது வரலைன்னா அவ இடத்துக்கு வேற ஆள். "கிறிஸ்டில்டாவுக்கு வந்துது. உனக்கு ஏன் வரலை? கைதானே வித்தியாசம்?"

இதைச் சொல்லும்போது அவ அழலை. என் கையைத்தான் பாத்துட்டே இருந்தா.

ஏப்ரல் 12, சனி

ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்துருச்சு. அஞ்சு பிரதி. கருநீல அட்டை, தங்க எழுத்து, என் பேரு. முகர்ந்து பாத்தேன், பசை வாசனை. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்க எனக்கென்ன பைத்தியமா? கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்.

ஏப்ரல் 17, வியாழன்

நாளைக்குப் பெரிய வெள்ளி. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன், பொறாமைப்பட்டேன், ஒரு பொய் சொன்னேன் ஃபாதர்னேன். என்ன பொய்னு அவர் கேக்கலை. பின்னாடி பெரிய வரிசை. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன்.

மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்னு அம்மா சொல்லும். எனக்கு வழியில பயமே இல்ல. லேபுக்குள்ள நுழைஞ்சாத்தான் பயம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்னிக்கு சார்கிட்ட பேசினேன். பேரு சிவசைலம், எங்க மாவட்டத்துக்காரர்தான். கெட்டவர் இல்ல. முதல் வருஷம் எனக்கு டைபாய்டு வந்தப்ப கஞ்சி கொண்டு வந்து கொடுத்த மனுஷன்.

"சார், ஃபில்டர் மாறினதுல வித்தியாசம் வந்திருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

கண்ணாடியைக் கழட்டினார். "எப்ப மாத்தின?"

"நாலாவது வருஷம் சார். பழைய கடைக்காரர் சரக்கை நிறுத்தினப்ப. எல்-7 இல்லாத வரிசை பூராவும் வெள்ளைப் பெட்டி. எல்-7 போட்ட வரிசை பூராவும் நீலப் பெட்டி."

மேசையில இருந்த பாறைத் துண்டை உருட்டிக்கிட்டே இருந்தார்.

"சந்தேகம்தானேம்மா?"

"ஆமா சார்."

"வெள்ளைப் பெட்டியில ஓட்டிப் பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப ஓட்டாத." கண்ணாடியை மாட்டினார். "போய் ஒப்படைச்சுட்டு வா. சந்தேகத்தை அப்புறம் பாத்துக்கலாம். உனக்கு எட்டு நாள் இருக்கு. எனக்கு ரிட்டயர் ஆக அறுபத்தொம்பது நாள் இருக்கு."

"நசீரா சார்?"

"அவ கை அப்படி." இதைச் சொல்லும்போது ஜன்னலைப் பாத்தார். அங்க ஏ.சி. மெஷின் முதுகுதான் தெரியும்.

வெளிய வந்ததும் எனக்கு நிம்மதியா இருந்துது. அதை எழுதவே அசிங்கமா இருக்கு. ஆனா இருந்துது. சார்கிட்டயே சொல்லியாச்சு, இனிமே இது என் பாரம் மட்டும் இல்லன்னு.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில பத்தரைக்கு ஆபீஸ்ல ஒப்படைக்கிறதா இருந்தேன். அஞ்சு பிரதியும் பையில. கடைசியா என் மேசையைக் காலி பண்ண லேபுக்குப் போனா, நசீரா அவ மேசையைக் காலி பண்ணிட்டிருக்கா.

"போறேன்க்கா." டைப் அடிச்ச கடிதத்தைக் காட்டினா. சொந்தக் காரணங்களால் ஆய்விலிருந்து விலகுகிறேன். "மூணு தடவை புதுக் குடுவை வாங்கியும் அறுபத்தஞ்சுதான் வருது. நானும் எத்தனை நாளைக்குத்தான் கழுவ? நோட்டைத் திருப்பிக் கொடுக்கணும். பாக்கிப் பக்கத்துக்குக் கையெழுத்து போட்டுடுங்க."

பேனாவை எடுத்தேன். இவ்வளவு நாள் அடியில இருக்கிற கோட்டை மட்டும்தான் பாப்பேன். இன்னிக்கு இதுதான் கடைசின்னு மேல கண்ணு போச்சு.

எல்-7 இன்றி: 66. மறு ஓட்டம்: 64. மறு ஓட்டம்: 65. தவறு: என் கை.

முந்தின பக்கத்தைத் திருப்பினேன். தவறு: என் கை. அதுக்கு முந்தினது. தவறு: என் கை. ஒவ்வொரு பக்கத்துலயும் அந்த வரிக்கு நேர் கீழ 'நான் பார்த்தேன்', கிறிஸ்டில்டா. எண்ணிப் பாத்தேன். முப்பத்தோரு பக்கம். முப்பத்தோரு தடவை நான் சாட்சி சொல்லியிருக்கேன்.

"அந்தக் கடிதத்தைக் கீழ வை நசீரா. ஆயிரம் பங்குக் கரைசல் இருக்கா?"

"இருக்குக்கா. பாறை மாவு எடுக்கட்டுமா?"

"பாறை வேண்டாம்."

இழுப்பறையிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். "நீயே ஓட்டு. உன் கையால."

ஓட்டினா. மெஷின்ல 943. அதே கரைசலை நீலப் பெட்டியில ஓட்டச் சொன்னேன். 999.

"பாறையே போடலையேக்கா. அப்ப அம்பத்தேழை யாரு தின்னது?" கேட்டுட்டு அவளே அந்த வெள்ளை ஃபில்டரைக் கையில எடுத்துப் பாத்தா. அவ கெட்டிக்காரி, எல்லாம் ஒரு நிமிஷம்தான். ஒரு தாள்ல என் நூத்தியிருபதை எழுதினா, அம்பத்தேழைக் கழிச்சா. அறுபத்தி மூணு. எல்-7 இல்லாமலே. எல்-7 எதையும் காப்பாத்தலை. வெள்ளைப் பெட்டி சோப்பைப் பிடிச்சு வச்சிருக்கு, நான் அதைப் பாறை தலையில போட்டுட்டேன். நசீரா ஓட்டினது எல்லாமே நீலப் பெட்டி, அவளுக்கு முதல் நாள்லருந்தே சரியான விடைதான் வந்திருக்கு.

ஸ்டூல்ல உக்காந்தா. கையை மடியில மலத்தி வச்சுக்கிட்டா. விரல் நுனி எல்லாம் உரிஞ்சு சிவந்து கிடக்கு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்துல ரெண்டு எண்ணையும் எழுதினா. இன்னிக்குத் தேதி போட்டா. என் பக்கம் திருப்பினா.

"சாட்சிக் கையெழுத்து போடுங்கக்கா."

போட்டேன்.

"தேதி போடுங்க. இன்னிக்குத் தேதி நான் போட்டுட்டேன். நீங்க, உங்களுக்குத் தெரிஞ்ச தேதியைப் போடுங்க."

'இப்பதான்டி தெரியும்'னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. சத்தியமா வந்துது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுப் பழகின நாக்கு.

ஜனவரி 11னு எழுதினேன்.

அவ விரல் விட்டு எண்ணினா. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். "நோன்பு முழுக்கக் கழுவினேனேக்கா"ன்னா. நோட்டைத் தூக்கிக்கிட்டு சார் ரூமுக்குப் போனா. எப்பவும் தட்டிட்டு நிப்பா, இன்னிக்குத் தட்டலை.

விலகல் கடிதம் மேசையிலயே கிடந்துது. நான் கிழிச்சுப் போட்டேன். அப்புறம் என்னோடதை எழுத உக்காந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

நாலாவது அத்தியாயம் தப்பு, பின்னிணைப்புல இருக்கிறது அரை உண்மை, நசீராவோட எண்கள்தான் சரின்னு டீனுக்கு நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன். சார் என் போனை எடுக்கலை. கம்பெனிக்கு மட்டும் ஜூன்ல வர வேண்டாம்னு அவரே சொல்லிட்டாராம்.

அஞ்சு மணிக்கு ஆபீஸ் கவுண்டரை மூடினாங்க. எதிர்ல மரத்தடியில நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.

அம்மாகிட்ட சொன்னேன். "முடியலம்மா. நாந்தாம்மா கெடுத்துக்கிட்டேன்." "சரி வா. சாப்டியா?"ன்னாங்க. அப்பதான் அழுதேன்.

சாயங்காலம் இழுப்பறைச் சாவியைக் கொடுக்க லேபுக்குப் போனேன். நசீரா வேலை பாத்துட்டிருந்தா. என் தேங்காய் எண்ணெய் பாட்டில் என் மேசை மேல திரும்ப வந்திருந்துது. "கிறிஸ்டில்டா, மிச்ச வெள்ளைப் பெட்டியை எங்க வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா. அக்கா இல்ல. எடுத்துக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

இந்த நோட்டை ஆரம்பத்துலருந்து படிச்சுப் பாத்தேன். முதல் பக்கமே சரியில்ல. ஊருக்குப் போறதுக்குள்ள அதை மட்டுமாவது சரி பண்ணணும்.

ஜனவரி 11, சனி

இன்னிக்கு இழுப்பறையை ஒழிக்கும்போது பழைய வெள்ளைப் பெட்டி ஃபில்டர் கிடைச்சுது. ஏழு இல்ல. எட்டு இருந்துது. மனசு கேக்காம ஒண்ணை எடுத்து வெறும் கரைசலை ஓட்டினேன். 944. எண் அச்சாகி வந்த காகிதத்தைக் கிழிச்சு ஊறுகாய் பாட்டில்ல போட்டு மூடி, குப்பைத் தொட்டியில எறிஞ்சேன்.

நசீரா எதிர் மேசையில குடுவை கழுவிட்டிருந்தா. அப்ப அவ கை நல்லாத்தான் இருந்துது. "என்னக்கா ஓட்டுறீங்க?"ன்னு கேட்டா.

ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.